ஒசாகாவில் அம்மாவுடன் ஆறு நாட்கள்

ஒசாகா போகிறேன் என்றதும் ஜப்பான் போய்வந்த நண்பர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: "அங்கே ரூம் போட்டுக்கொண்டு கியோத்தோவையும் நாராவையும் பார்த்துவிட்டு வா." நாங்கள் ஒரே ஒரு நாள் கியோத்தோ போனோம். மற்ற ஐந்து நாளும் ஒசாகாவிலேயே சுற்றினோம், அதில் எனக்கு இன்றுவரை சந்தோஷம். போனது நவம்பரில். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு, முட்டைகூடச் சாப்பிடாத சைவம். பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று நாங்கள் சமாளித்த விதத்தை எழுதுகிறேன்.

முதலில் தங்குமிடம். பலரும் பல ரயில்கள் கூடும் உமேதா பகுதியில் அறை தேடுவார்கள். வயதானவர்களோடு போனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) நிலையத்துக்குப் பெயர் ஒசாகா. ஹாங்க்யூ, ஹான்ஷின் என்ற இரண்டு தனியார் ரயில்களின் நிலையங்களுக்கும் ஒசாகா-உமேதா என்று பெயர். சுரங்க ரயிலிலோ உமேதா, ஹிகாஷி உமேதா, நிஷி உமேதா என்று மூன்று தனித்தனி நிலையங்கள். எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன, தரைக்கடியில் கடைத்தெருக்களால் இணைந்திருக்கின்றன. உள்ளூர்க்காரர்களே அதை 'உமேதா டஞ்சன்', அதாவது உமேதா பாதாளச் சிறை என்கிறார்கள். வழி தவறினால் சுரங்கத்துக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்காமல் மேலே தெருவுக்கு ஏறிவிடுவது நல்லது.

எந்த நிலையமானாலும், வெளியேறும் வாசலின் எண்ணை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். எல்லா வாசலிலும் லிஃப்ட் இருக்காது. முதல் நாள் இதைப் பார்க்காமல் அம்மாவை மூன்று மாடி உயரப் படியேற வைத்துவிட்டேன். மறுநாளிலிருந்து லிஃப்ட் உள்ள வாசல் எது என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

நாங்கள் தங்கியது தென்னோஜியில். சிவப்பு நிறத்தில் குறிக்கப்பட்ட மிதோசுஜி தடம் அந்த வழியாகப் போகிறது. 1933இல் தொடங்கிய இந்தச் சுரங்க ரயில் தடத்தில் புல்லட் ரயில் பிடிக்கும் ஷின்-ஒசாகா, உமேதா, ஷின்சாய்பாஷி, நம்பா எல்லாமே வந்துவிடுகின்றன. வார நாட்களில் பெண்களுக்கென்று ஒரு பெட்டி நாள் முழுவதும் உண்டு. நடைமேடையில் இளஞ்சிவப்பு அடையாளம் இருக்கும். டிக்கெட்டுக்கு இகோகா அட்டை ஒன்று போதும். முதலில் 2000 யென் கொடுத்தால் அதில் 500 முன்பணம், மீதி பயணத்துக்கு. 'இகோகா' என்றால் இந்த வட்டாரப் பேச்சில் 'போகலாமா' என்று அர்த்தமாம். அம்மாவுக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துப்போய், தினமும் காலையில் கதவருகே நின்று "இகோகா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

நகரும் படிக்கட்டில் தோக்கியோவில் இடப்பக்கம் நிற்பார்கள், ஒசாகாவில் வலப்பக்கம். முன்னால் நிற்பவரைப் பார்த்து நின்றால் சரியாக இருக்கும்.

சாப்பாடு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அங்கே 'காய்கறி' என்று எழுதியிருந்தாலும் அது நம் சைவம் ஆகிவிடாது. காரணம் தாஷி. ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறு அது. ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் மாதிரி, ஊதோன் நூடுல்ஸ், மிசோ சூப், வேகவைத்த காய், ஒகோனோமியாகி என்ற தோசை போன்ற பண்டத்தின் மாவு என்று எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். பெரும்பாலும் காய்ந்த பொனிட்டோ மீன் சீவலையும் கொம்பு என்ற கடற்பாசியையும் சேர்த்து எடுக்கிறார்கள். வடக்கே ஹொக்காய்தோவில் விளையும் கொம்பு, 'எதோ' எனப்படும் ஆட்சிக்காலத்தில் (1603-1868) கப்பல்களில் ஒசாகாவுக்கு வந்து இறங்கியது. அதனால் இந்த ஊர்ச் சமையலில் கொம்புக்குத் தனி மரியாதை உண்டு. ஒசாகாவில் பிறந்ததாகச் சொல்லப்படும் கித்சுனே ஊதோனில் மேலே மிதப்பது இனிப்பான வறுத்த தோஃபுதான், ஆனால் கீழே இருக்கும் சாற்றில் மீனும் சேர்ந்திருக்கும்.

"நிகு தோ சகானா வா தபேமாசென்" என்றால் இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன் என்று பொருள். இதை மட்டும் சொன்னால், மீன் துண்டை எடுத்துவிட்டுச் சாற்றை அப்படியே ஊற்றித் தருவார்கள். அவர்கள் ஏமாற்றுவதாக நினைக்க வேண்டாம்; சாற்றை யாரும் மீன் என்று எண்ணுவதில்லை. "கத்சுவோ தாஷி மோ தமே தெஸ்", பொனிட்டோ சாறும் கூடாது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கொம்புச் சாறு மட்டும் என்றால் நாமும் சாப்பிடலாம். ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் இதையெல்லாம் ஒரு அட்டையில் ஜப்பானிய மொழியில் எழுதி வாங்கிக்கொண்டேன். ஒரு சின்ன ஊதோன் கடையில் அந்த அட்டையைப் படித்த சமையல்காரர், உள்ளே போய்க் கொம்புக் கட்டை ஒன்றை எடுத்து வந்து காட்டி, "இது மட்டும் ஓகேவா?" என்று சைகையில் கேட்டார். பதினைந்து நிமிடம் காத்திருந்தோம். அம்மா கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

மற்ற வேளைகளில் எங்களைக் காப்பாற்றியது தயிர்சாதம். கொன்பினி எனப்படும் சிறு பலசரக்குக் கடை எதிலும் மைக்ரோவேவில் சூடாக்கும் சாதப் பாக்கெட் கிடைக்கும். தயிர் வாங்கும்போது "சாதோ நாஷி", சர்க்கரை இல்லாதது, என்று கேளுங்கள். ஊரிலிருந்து ஊறுகாய் கொண்டுபோயிருந்தோம். ஆனால் இறைச்சிப் பொருள், பழம், பச்சைக் கறிவேப்பிலை இவற்றைப் பெட்டியில் வைக்காதீர்கள். விமான நிலையத்தில் கட்டுப்பாடு கடுமை. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளும் ஒரு மாத அளவுக்குள் இருக்கட்டும்.

சரி, ஊருக்கு வருவோம். தென்னோஜியிலிருந்து நடக்கிற தூரத்தில் ஷிதென்னோஜி கோயில் இருக்கிறது. 593ஆம் ஆண்டில் இளவரசர் ஷோதோகு நிறுவியது. ஒவ்வொரு மாதமும் 21, 22 தேதிகளில் வளாகத்தில் சந்தை கூடுகிறது. பழைய கிமோனோ, கிண்ணங்கள், பாசிமணி, வறுத்த கடலை என்று நம் கோயில் திருவிழாக் கடைகள் மாதிரியே இருந்தது. தேதி ஒத்துவந்தால் தவறவிடாதீர்கள். ஒசாகா கோட்டையை வெளியிலிருந்து பார்த்தாலே நிறைவாக இருக்கும். இப்போது நிற்கும் கோபுரம் 1931இல் கான்கிரீட்டில் எழுப்பியது, உள்ளே லிஃப்ட் உண்டு. விளம்பர விளக்குகள் மின்னும் கால்வாயோரப் பகுதியான தோத்தோன்போரிக்கு இருட்டிய பிறகு போய் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் போதும்.

எனக்குப் பிடித்த இடம் தென்ஜின்பாஷிசுஜி. 2.6 கிலோமீட்டர் நீளத்துக்குக் கூரை போட்ட கடைவீதி; ஜப்பானில் இதுதான் நீளமானது என்கிறார்கள். மழை வந்தாலும் கவலையில்லை. உள்ளூர்க்காரர்கள் மீனும் முள்ளங்கியும் செருப்பும் வாங்க வரும் வீதி இது. சைக்கிள்கள் மட்டும் சத்தமில்லாமல் பின்னால் வரும், பார்த்து நடக்க வேண்டும். இங்கே ஒரு தோஃபு கடைப் பாட்டி எங்களை நிறுத்தி, எந்த ஊர், இவர் உன் அம்மாவா, கால் வலியா என்று கேட்டுக்கொண்டே போனார். ஒசாகாக்காரர்கள் இப்படித்தான், தாங்களாகவே பேச்சுக் கொடுக்கிறார்கள். நன்றிக்கு இங்கே 'ஓகினி' என்று ஒரு சொல் இருக்கிறது. அம்மா அதைச் சொன்னதும் பாட்டி கைதட்டிச் சிரித்து, இன்னொரு துண்டு தோஃபுவைப் பொட்டலத்தில் வைத்துவிட்டார்.

சின்னக் கடைகளுக்குச் சில்லறை வைத்திருங்கள். தெருவில் குப்பைத்தொட்டி அபூர்வம், பையில் ஒரு கவர் இருக்கட்டும். 2025 ஜனவரியிலிருந்து நகரம் முழுவதும் தெருவில் புகைபிடிக்கத் தடை, 1000 யென் அபராதம்.

கடைசியாக, விமான நிலைய ரயில். தென்னோஜியிலிருந்து கான்சாய் விமான நிலையத்துக்குப் போகும் ஜே.ஆர். விரைவு ரயில், வழியில் ஹினேனோ என்ற நிலையத்தில் இரண்டாகப் பிரிகிறது. முன்னால் உள்ள 1 முதல் 4 வரையிலான பெட்டிகள் விமான நிலையத்துக்கு, பின்னால் உள்ளவை வகயாமாவுக்கு. எனக்கு இது தெரிந்திருந்தும், அவசரத்தில் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கண்ணில் பட்ட கதவில் ஏறிவிட்டேன். எங்கள் சூட்கேஸ்களையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஹினேனோ வரும்போது எழுந்து, "ஏர்போர்ட்? நோ, நோ" என்று முன்பக்கம் கைகாட்டினார். நடைமேடையில் இறங்கியதும் அம்மாவின் பெட்டியை அவரே இழுத்துக்கொண்டு முன்னால் ஓட, நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். நான்காம் பெட்டியில் எங்களை ஏற்றிவிட்டு, அவர் தன் பெட்டிக்குத் திரும்பி ஓடினார். அம்மா கதவருகே நின்று "ஓகினி, ஓகினி" என்று கத்தினார். அவர் ஓடிக்கொண்டே கையை உயர்த்திக் காட்டினார்.