வைகை கடலுக்கு வரும் இடம்

ராமநாதபுரம் என்றால் பலருக்கும் ராமேஸ்வரம் போகிற வழியில் டீ குடிக்க இறங்கும் ஊர். ரயில் ஜன்னலில் பனையும் சீமைக்கருவேலமும்தான் தெரிகிறது, அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. இந்த முறை நான் பாம்பன் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வைகை எங்கே போய் முடிகிறது என்று முடிந்தவரை நடந்தே பார்ப்பது என்று கிளம்பினேன்.

முதலில் அரண்மனை. போகலூரில் இருந்த தலைநகரை, இந்தச் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதி இங்கே மாற்றிய பிறகு எழுந்தது ராமலிங்க விலாசம். வெளியே கடைவீதி இரைச்சல், உள்ளே பருத்த தூண்களும் குளிர்ச்சியும். சுவர், வளைவு, விதானம் என எங்கு திரும்பினாலும் ஓவியம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டியவை. ராமாயணமும் பாகவதமும் இருக்கின்றன, தஞ்சை மராட்டியரோடு நடந்த போரும் இருக்கிறது. நான் அதிக நேரம் நின்றது சேதுபதி ஐரோப்பியர்களைச் சந்திக்கும் காட்சியின் முன்னால். இந்தச் சுவர்களுக்கு இன்னும் கொஞ்சம் நல்ல வெளிச்சம் கொடுக்கலாம். கழுத்தை வளைத்து வளைத்து வலி வந்ததுதான் மிச்சம்.

அங்கேயே, கடலோரக் கிராமமான அழகன்குளத்தில் தோண்டி எடுத்த பொருட்களும் இருக்கின்றன. பானை ஓடுகளைப் பார்த்துவிட்டுப் போனால், பின்னால் பார்க்கப்போகும் வெறும் மண்மேடு கொஞ்சம் பேசும்.

ஊரை ஒட்டி பெரிய கண்மாய். 258 கிலோமீட்டர் ஓடிவரும் வைகையில் மிஞ்சுகிற தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்வது இதுதான். இது நிரம்பி வழிந்தால்தான் கடலுக்குப் பங்கு. சிவனுக்கு நஞ்சு கொடுத்த பாவி என்று கடலோடு வைகை உறவே வைத்துக்கொள்ளவில்லை என ஒரு பழம்பாட்டு உண்டு. பாட்டு அப்படிச் சொல்கிறது, வழி நெடுக இருக்கும் கண்மாய்களைக் கேட்டால் வேறு கதை சொல்லும்! மாசி மாதம் என்பதால் தண்ணீர் கிடந்தது. கரைமேல் ஏறி நடந்தால் ஒரு பக்கம் நீர்க்காகங்கள், மறுபக்கம் வயல். மலையோ குன்றோ இல்லாத இந்தச் சமவெளியில் இந்தக் கண்மாய்க் கரைதான் காட்சி மேடை. காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் வெயில் விடாது.

அங்கிருந்து அழகன்குளத்துக்கு டவுன் பஸ். கடல் நெருங்க நெருங்க பனை குறைந்து தென்னந்தோப்புகள் ஆரம்பிக்கின்றன. சபுர், அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவர்கள் கட்டிய பெரிய வீடுகள், பள்ளிவாசல், தோப்புக்குள் நுழைந்து வெளியேறும் மணல் பாதை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன், அந்த நிழல் மணல் அவ்வளவு சுகம்.

டீக்கடையில், அகழாய்வு நடந்த கோட்டைமேட்டுக்கு வழி கேட்டேன்.

"எதுக்கு தம்பி? தோண்டுன குழியெல்லாம் மூடிட்டாங்களே" என்றார் கடைக்காரர்.

"சும்மா இடத்தைப் பார்க்கத்தான், பாய்."

"சரி, பாருங்க. காலுக்குக் கீழ பார்த்து நடங்க, ஓடு கிடக்கும்."

சொன்னது சரிதான். மேடு என்பதற்காகப் பெரிதாக எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். 1986இல் மாநிலத் தொல்லியல் துறை இங்கே தோண்ட ஆரம்பித்தது. ரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகள், 4ஆம் நூற்றாண்டு ரோமானியக் காசுகள், தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகள், வடநாட்டிலிருந்து வந்த கறுப்பு மெருகுப் பானை, சங்கு வளையல் என்று கிடைத்தன. ஒரு ஓட்டில் பாய்மரக் கப்பலையே கீறி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு எல்லோரும் கீழடிக்கு வண்டி கட்டுகிறார்கள், நல்லதுதான். அதே ஆற்றின் கடைசியில், பாண்டியர்களின் சரக்கு ஏறி இறங்கிய துறை இப்படித் தென்னைக்குக் கீழே படுத்திருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது. காலடியில் கிடந்த சிவப்பு ஓடு ஒன்றைக் குனிந்து பார்த்தேன். விளிம்பில் விரல் ஓடிய வரி இருந்தது. எந்தக் காலத்தியதோ, கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டேன். நீங்களும் விட்டுவிடுங்கள்.

ஆற்றங்கரை கிராமத்துக்கு நடந்துதான் போனேன். ஊர்ப் பெயரே விலாசம் சொல்லிவிடுகிறது. இங்கேதான் வைகையின் முகத்துவாரம். ஆறு அகன்று, அசைவில்லாமல் நிற்கிறது. வாயில் விட்டுப் பார்த்தால் உப்பு. அதற்கு அப்பால் பாக் நீரிணை, உள்ளூரில் பெண்கடல். தனுஷ்கோடியில் மன்னார் வளைகுடாவின் ஆண்கடல் அறைகிற அறையைப் பார்த்தவர்களுக்கு இது கடல்தானா என்று சந்தேகம் வரும், அலை அவ்வளவு சின்னது. கரையெல்லாம் கடல்தாழை என்கிற கடல்புல் ஒதுங்கி, காலடியில் மெத்தென்று அழுந்தியது. வாடை லேசாக மூக்கைத் துளைத்தது, பழகிவிடும்.

நாட்டுப்படகு ஒன்றின் பக்கத்தில் ஓர் அக்கா வலையிலிருந்து நீலக்கால் நண்டு பிரித்துக்கொண்டிருந்தார். கொடுக்கை ஒரு கையால் அமுக்கி, காலில் சுற்றிய வலை நரம்பை மறுகையால் ஒவ்வொன்றாக உருவுகிறார், ஒரு கால்கூட ஒடியவில்லை. நீலமாக மின்னுவது ஆண், மங்கிய பழுப்பு நிறம் பெண் என்று எடுத்துக் காட்டினார்.

"வாங்கிக்கங்க தம்பி, உசுரோட இருக்கு."

பேரம் பேசத் தெரியாதவன் என்று முகத்திலேயே எழுதியிருந்திருக்கும். பையில் நண்டு பரபரக்க, திரும்பும் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கடைசி சீட்டுக்குக் கீழ வைங்க சார், ஓட்டை இல்லாத பைதானே?" என்று மட்டும் கேட்டுவிட்டு டிக்கெட் கிழித்தார்.