மிச்சம் பிடித்தால் யாருக்கு நஷ்டம்?

"பழைய கம்ப்ரசரையெல்லாம் மாத்தலாம்னு இருக்கோம் சார். பகல் லோடு நல்லா குறையும். குறைஞ்சா உங்களுக்கு நஷ்டமா?"

நான் கூரை சோலார் கம்பெனியில் விற்பனைப் பக்கம் இருப்பவன். ஆலைக் கூரையில் எங்கள் செலவில் பேனல் போட்டு, வரும் மின்சாரத்தை அந்த ஆலைக்கே யூனிட் கணக்கில் விற்போம். கேட்டவர் ஆலையின் பராமரிப்புப் பொறியாளர். கூரை சோலார் ஒப்பந்தத்தில் குறைந்தபட்சக் கொள்முதல் பிரிவைப் படித்துவிட்டுத்தான் கேட்டார். "ஆமா சார், நஷ்டம்தான். அதனாலதான் அந்தப் பிரிவு. நீங்க எடுக்கலைன்னாலும் பில் வரும்," என்றேன். ஒளிக்காமல் சொன்னதற்கு அவர் நன்றிகூடச் சொன்னார்.

கம்ப்ரசர் திட்டம் கிடப்பில் போடப்பட்டது. எடுக்காத யூனிட்டுக்கும் பணம் கட்டவேண்டும் என்றால் மிச்சம் பிடித்து என்ன லாபம் என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கணக்கு சரிதான். எங்கள் விற்பனைத் தலைவர் என்னைத் தட்டிக்கொடுத்தார்: "நல்லா பேசியிருக்கீங்க, லோடு லாக் ஆயிடுச்சு." அந்தப் பாராட்டுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

நான் வேறென்ன சொல்லியிருக்க முடியும்? 'அதெல்லாம் வங்கிக்காகப் போட்டது, கண்டுக்கமாட்டோம்' என்று மழுப்பியிருக்கலாம். பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த ஒப்பந்தங்கள் 20, 25 ஆண்டுகள் ஓடுபவை. நடுவில் எங்கள் சோலார் நிலையம் இன்னொரு கம்பெனி கைக்குப் போனால், வாங்குகிறவர் காகிதத்தைத்தான் படிப்பார்.

அந்தப் பிரிவில் அநியாயமும் இல்லை. சோலாருக்கு எரிபொருள் கிடையாது. அனல் மின் நிலையத்தில் லோடு குறைந்தால் நிலக்கரியாவது மிஞ்சும். எங்களுக்கு எதுவும் மிஞ்சாது. செலவு ஏறக்குறைய முழுவதும் முதலிலேயே முடிந்துவிட்டது. யூனிட் விலை என்ற பெயரில் நாங்கள் வசூலிப்பது கடன் தவணையைத்தான். தவணைக்கு ஏன் யூனிட் வேஷம் என்றால், வாடிக்கையாளர் அதைத்தான் தன் மின் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. மாத வாடகை என்று சொன்னால் மழைக்காலத்தில் சண்டைக்கு வருவார், நியாயமாகவே.

இது சோலாரோடு வந்த சிக்கலும் அல்ல. மின்சாரம் தருவதில் பெருஞ்செலவு எப்போதும் தயாராக இருப்பதற்கே ஆகிறது, யூனிட்டை மட்டும் அளந்து விற்றால் கட்டுப்படியாகாது என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஹாப்கின்சன் 1892லேயே சொல்லிவிட்டார். யூனிட்டுக்கு வெளியே, உச்சத் தேவைக்கென்று தனியாக வசூலிக்கும் இன்றைய டிமாண்ட் சார்ஜுக்கு வேர் அங்கேதான். கலிபோர்னியாவில் 1982இல் மின் நிறுவனங்களின் வருவாயை விற்பனை அளவிலிருந்தே பிரித்தார்கள். விற்பனை குறைந்தால் ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத்தைத் திருத்தி ஈடுகட்டும். மிச்சம் பிடிக்கச் சொல்வதில் நிறுவனத்துக்குப் பயம் இருக்காது. அந்த ஈட்டுக்கான சுமை லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் மீது பரவிவிடும். ஒரு ஆலையும் ஒரு கம்பெனியும் மட்டும் போடும் ஒப்பந்தத்தில் எங்கே பரப்புவது?

சில இரவுகளில் வேறு மாதிரி தோன்றுகிறது. அவர் நஷ்டமா என்று கேட்டபோது, "முதல்ல கம்ப்ரசரை மாத்துங்க, குறைஞ்ச லோடுக்கு ஏத்த மாதிரி சின்ன சோலார் போதும்" என்று சொல்ல எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கிலோவாட் கணக்கில் இன்சென்டிவ் வாங்குகிற ஆளிடம் அதை எதிர்பார்ப்பதும் கொஞ்சம் அதிகம்தான். மறுபடி கேட்டாலும் இதே பதிலைத்தான் சொல்வேன் என்று காலையில் தோன்றிவிடுகிறது.

அடுத்த ஒப்பந்த வரைவில் ஒரு வரி சேர்த்தேன்: ஆற்றல் சேமிப்புப் பணிகளால் குறையும் லோடுக்கு, ஓர் அளவு வரை குறைந்தபட்சக் கொள்முதல் பொருந்தாது. வங்கி மறுக்கவில்லை, யூனிட் விலையைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னது. ஏற்றினால், கடைசிவரை எதையும் மாற்றாத வாடிக்கையாளரும் அந்தச் சலுகைக்கு ஒவ்வொரு யூனிட்டிலும் பணம் கட்டிக்கொண்டிருப்பார். விற்பனைத் தலைவர் அந்த வரியை அடிக்கவில்லை. பக்கத்தில் கேள்விக்குறி மட்டும் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.