அண்ணாந்து குடிக்காதீர்கள், ஐயா

அம்மா காலமானபோது துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பலர் எங்களுக்கு உறவினர் அல்லர். கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபம், பாம்பன் என்று கரையோரத்து ஊர்களிலிருந்து வந்த அவர்கள், தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் பக்கவாதம் வந்த காலத்தில் அம்மாவை அறிந்தவர்கள். அவரைப் "பேச்சு டாக்டரம்மா" என்றே அழைத்தார்கள். தாம் மருத்துவர் அல்லர், பேச்சு, மொழி சிகிச்சையாளர் என்று அம்மா திருத்திக்கொண்டே இருந்தார், யாரும் மாற்றிக்கொள்ளவில்லை.

மைசூரில் 1965-இல் தொடங்கப்பட்ட அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனத்தில் படித்தவர் அவர். உடன் படித்தவர்கள் பெரும்பாலும் நகரங்களில் குழந்தைகளுக்கான பயிற்சியில் இறங்கியபோது, அம்மா இராமநாதபுரத்துக்கே திரும்பி வந்து முதியவர்களை எடுத்துக்கொண்டார். மதுரை நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. கை கால் விழுந்த ஒருவரை வாரந்தோறும் அங்கே கூட்டிப் போக எந்த மீன்பிடிக் குடும்பத்தாலும் முடியாது என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

பேச வைப்பதுதான் அவருடைய வேலை என்று ஊரார் நினைத்தார்கள். உண்மையில் அவருடைய நேரத்தில் பெரும்பகுதி விழுங்க வைப்பதில் கழிந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு தொண்டைத் தசைகள் தளர்ந்தோ தாமதித்தோ இயங்கும். அப்போது உணவும் நீரும் உணவுக்குழாய்க்குப் பதிலாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, நுரையீரலில் சளிக்காய்ச்சலாக முற்றும். புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்வது நம் வீடுகளில் வழக்கம். அம்மாவுக்கு அந்த வாசகமே பிடிக்காது. "நினைக்கிறவர்கள் நினைக்கட்டும், நீங்கள் நெஞ்சைப் பாருங்கள்" என்பார். அதைவிட அவர் அஞ்சியது, இருமலே வராமல் உள்ளே இறங்குவதை. தொண்டையில் உணர்ச்சி குறைந்தவருக்குப் புரையேறியதே தெரியாது.

எங்கள் பக்கத்துப் பழக்கங்களில் அவருக்குப் பெரும் எதிரியாக இருந்தது அண்ணாந்து குடிப்பது. எச்சில் படாமல் சொம்பை உயர்த்தி ஊற்றிக்கொண்டே வளர்ந்த பெரியவர்கள், வாய் வைத்துக் குடிப்பதை மரியாதைக் குறைவாக நினைத்தார்கள். தலை பின்னால் சாய்ந்திருக்கும்போது தண்ணீர் தொண்டைக்கு விரைந்து வந்துவிடும், மூச்சுக்குழாய் மூடிக்கொள்ள அவகாசம் இருக்காது என்று விளக்கி, அவர்களுக்கென்று தனி டம்ளர் ஒன்றை ஒதுக்க வைப்பார். கீழக்கரையில் முஸ்லிம் வீடுகளில் வேலை சற்று எளிது. "வாப்பா, உட்கார்ந்து மூன்று மூச்சில் குடிப்பது நபிவழி அல்லவா" என்று நினைவூட்டினாலே போதும்.

பழைய சோற்றை விட வைப்பது அதைவிடக் கடினம். நீரும் பருக்கையும் ஒரே வாயில் இரண்டு வேகத்தில் நகரும் என்பதால், பலவீனமான தொண்டைக்கு அது தனி நீரைவிடவும் சிக்கலானது. அதற்குப் பதிலாகக் கேழ்வரகுக் கூழைக் கரண்டியிலிருந்து சொட்டாமல் மெல்ல வழியும் பதத்தில் காய்ச்சச் சொல்வார். அடுப்படியில் தாமே நின்று, கரண்டியைச் சாய்த்துக் காட்டுவார்.

பாம்பனில் ஒரு சம்மாட்டி, அதாவது படகுச் சொந்தக்காரர், இருந்தார். வலது கையும் காலும் விழுந்து, பேச்சில் "அதான்" என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. புத்தி பேதலித்துவிட்டதாக எண்ணி, அவர் எதிரிலேயே படகை விற்பது பற்றி மகன்கள் பேசினார்கள். அம்மா கோபப்பட்டு நான் பார்த்த மிகச் சில தருணங்களில் அது ஒன்று. இவருக்குச் சொல்தான் வரவில்லை, கேட்பதெல்லாம் விளங்குகிறது என்று அவர்களை வெளியே அழைத்துச் சொன்னார். அந்தப் பெரியவர் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கிக் கொடுத்தால் செபத்தைத் தொடர்வார். வலை இழுக்கும் "ஏலேலோ ஐலசா"வையும் பிசகாமல் பாடுவார். வீட்டார் மகிழ்ந்தார்கள், அம்மா மகிழவில்லை. மனப்பாடமாக வருவது பேச்சாகாது என்பது அவர் கருத்து. 1973-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் வகுத்த முறைப்படி, இடது கையை மெல்லத் தட்டிக்கொண்டே அன்றாடத்துக்கு வேண்டிய சிறு வாக்கியங்களை இராகம்போல் இழுத்துச் சொல்ல வைத்து, பிறகு அந்த இராகத்தைப் படிப்படியாகக் குறைத்தார். பல மாதங்களுக்குப் பின் அவர் தாமாகச் சொன்ன முதல் முழு வாக்கியம், கடலிலிருந்து திரும்பிய மகனிடம் கேட்டது: "ஐஸுக்கு எவ்வளவு குடுத்த?"

குடும்பத்தாருக்கு அம்மா விதித்த கட்டளை ஒன்றுதான்: அவர் தேடும் சொல்லை நீங்கள் முந்திக்கொண்டு எடுத்துக் கொடுக்காதீர்கள். எங்களிடமும் அப்படியே இருந்தார். பள்ளியில் நடந்ததை நான் திக்கித் திணறிச் சொல்லும்போது, அடுப்பைக்கூட அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தபடி காத்திருப்பார். (பொய் சொல்ல இதைவிடக் கடினமான தாய் யாருக்கும் வாய்த்திருக்க முடியாது.) பகலெல்லாம் உரக்கப் பேசித் தொண்டை கட்டிய நாட்களில் மாலையில் சைகையால்தான் எங்களை அதட்டுவார், சோறு ஊட்டும்போது தலையை நிமிர்த்தினால் மட்டும் குரல் வந்துவிடும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் எதைத் தரலாம், எந்தப் பதத்தில், எத்தனை மிடறு என்று அம்மா கையால் எழுதிக் கொடுத்த தாள்களின் நகல்கள் ஒரு கோப்பில் இருக்கின்றன. அக்கம்பக்கத்தில் யாருக்கேனும் வாதம் வந்தால், அதில் ஒன்றைக் கேட்டு இப்போதும் வருகிறார்கள். நான் தருவதில்லை. தாடையைத் தாழ்த்தி விழுங்குவது ஒருவருக்கு உதவும், அடுத்தவருக்கு உதவாது. பரிசோதிக்காமல் ஒருவர் தாளை மற்றவருக்குக் கொடுக்க அம்மா இருந்தவரை இசைந்ததே இல்லை. பேச்சு சிகிச்சையாளரிடம் முதலில் காட்டுங்கள், அதுவரை நிமிர்ந்து உட்கார வைக்காமல் எதையும் வாயில் ஊற்றாதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன்.