மக்கு, ரேக்கு, அப்புறம் கற்பனை

தஞ்சாவூர் ஓவியம் கற்க வருகிறவர்கள் சீக்கிரமே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு. ஆலிலைக் கிருஷ்ணன், பட்டாபிஷேக ராமர், கஜலட்சுமி என்று உருவம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. கோட்டுச் சித்திரத்தைக் கடையில் வாங்கி, கார்பன் தாள் வைத்து நகலெடுக்கிறோம். தூண் எங்கே, திரைச்சீலை எங்கே, ஒட்டியாணம் எங்கே என்பதும் காலங்காலமாக வகுத்து வைத்ததுதான். அப்படியானால் இதில் நான் செய்கிற கலை எது?

நியாயமான கேள்வி. "பக்தி, பொறுமை, பாரம்பரியம்" என்று சொல்லி வாயை அடைப்பது பதில் ஆகாது. படத்தின் அமைப்பில் சுதந்திரம் குறைவுதான், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஒரே கோட்டுச் சித்திரத்தை நான்கு பேரிடம் கொடுத்தால் நான்கு படமும் வேறு வேறாக வருகின்றன. ஒன்று உயிரோடு இருக்கிறது, மற்றவை மினுக்குகின்றன. அந்த வித்தியாசத்தைத் தேடிப் போனால், பாதிக்கு மேல் வண்ணம் தொடுவதற்கு முன்பே நடந்து முடிந்திருப்பது தெரியும்.

இந்தக் கலை இரண்டாம் சரபோஜி காலத்தில் (1798–1832) தஞ்சையில் செழித்தபோதும் இது தனி ஒருவரின் வெளிப்பாடாக இருக்கவில்லை. ராஜு, நாயுடு குடும்பங்களின் பட்டறைகளில் ஒருவர் பலகை தயார் செய்வார், ஒருவர் மக்கு (தங்கத்துக்கு அடியில் மேடு எழுப்பும் சுண்ணக் குழம்பு) வைப்பார், முகம் எழுதுவது மூத்த கை. படத்தில் பெயர் போடும் வழக்கம் மிக அரிது. இன்று ஒருவரே எல்லா வேலையும் செய்கிறோம். ஆகவே ஒரு பட்டறையில் பலர் எடுத்த முடிவுகளை நாம் ஒருவராக எடுக்க வேண்டியிருக்கிறது. கற்பனை என்று நான் சொல்வது அந்த முடிவுகளைத்தான்.

முதல் முடிவு பலகை. முன்பு பலா மரப் பலகை. இப்போது பிளைவுட். 12க்கு 10 அங்குலப் படத்துக்கு 6 மி.மீ. போதும், 18க்கு 15க்கு மேல் போனால் 9 அல்லது 12 மி.மீ. எடுங்கள். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளை விலை கூடுதல்தான், ஆனால் இந்த வேலையில் தண்ணீரும் பசையும் பல முறை ஏறப்போகிறது. மலிவுப் பலகையில் அடுக்கு பிரிந்தால் மேலே இருக்கும் தங்கத்தையும் சேர்த்து இழப்பீர்கள்.

பலகை மேல் காடாத் துணி. துணியைத் துவைத்துக் கஞ்சியை எடுத்த பிறகே ஒட்ட வேண்டும். கஞ்சி இருந்தால் பசை நூலுக்குள் இறங்காது. துணி எதற்கு என்றால், மரம் மழைக்காலத்தில் உப்பி வெயில் காலத்தில் சுருங்கும். அந்த அசைவு நேரே மேலே வரப்போகும் சுண்ணப் பூச்சுக்குப் போனால் மயிரிழை வெடிப்பு விழும். துணி நடுவில் நின்று அதை வாங்கிக்கொள்கிறது. நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தேய்த்து ஒட்டி, ஓரத்தில் ஓர் அங்குலம் பின்பக்கம் மடியுங்கள். காய்ந்த பின் நகத்தால் தட்டிப் பார்த்தால் காற்று நின்ற இடம் பொக்கென்று ஒலிக்கும். பிளேடால் கீறிப் பசை விட்டு அழுத்த வேண்டியது அந்த நேரத்தில்தான். பூச்சு ஏறிய பிறகு அது தீராத தலைவலி.

ஒரு பக்கம் மட்டும் துணி ஒட்டினால் அது காயும்போது இழுத்து, பலகை அந்தப் பக்கமாக வளையும். பின்பக்கமும் ஒரு தாளையோ துணியையோ ஒட்டிவிட்டால் இழுப்பு சமமாகிவிடும். பழைய முறைப்படி புளியங்கொட்டைப் பசை பயன்படுத்துகிறவர்கள் பூச்சி வராமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது விஷம். குழந்தைகள் நடமாடும் வீட்டில் ஃபெவிகாலே நல்லது.

அடுத்து சுண்ணப் பூச்சு. சலித்த சாக் பவுடர் இரண்டு பங்கு, ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் தேவைக்கு. தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்த்திருக்க வேண்டும். கலக்கியவுடன் பூசாதீர்கள். அரை மணி நேரம் வைத்தால் நுரை அடங்கும். இல்லையென்றால் காய்ந்த பலகையில் குண்டூசி முனை அளவுக்குக் குழிகள் நிறைந்திருக்கும். மெல்லிய பூச்சாக மூன்று அல்லது நான்கு முறை, ஒரு முறை குறுக்காக, அடுத்த முறை நெடுக்காக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. கடைசியில் 220 எண் உப்புத்தாள், அப்புறம் 400. தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். அந்த மாவு நுரையீரலுக்கு ஆகாது.

சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்? விரலால் தேய்த்தால் வெள்ளை ஒட்டினால் பசை குறைவு. பென்சில் வழுக்கினால் பசை அதிகம், பின்னால் வண்ணமும் பிடிக்காது. இரண்டுக்கும் நடுவில் முட்டை ஓடு மாதிரி ஒரு மங்கல் வழவழப்பு வரும்.

நகலெடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. டிரேசிங் தாளைத் தெரியாமல் புரட்டி வைத்துவிட்டால் படம் இடவலம் மாறிவிடும். பெருமாளின் மேல் வலக்கையில் இருக்க வேண்டிய சக்கரம் இடக்கைக்கும், சங்கு வலக்கைக்கும் போய்விடும். விற்பனைக்கு வந்த படங்களிலேயே இதைப் பார்க்கலாம். மூல விக்கிரகத்திலேயே அப்படி இருக்கும் தலங்கள் வேறு கதை. அதை வரைகிறோம் என்று தெரிந்து வரைந்தால் சரி.

இப்போது மக்கு. தஞ்சாவூர் ஓவியத்தின் கையெழுத்து இங்கேதான் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் பொடியோ சாக் பவுடரோ, மெல்லிய துணியில் சலித்து, இரவே ஊறவைத்து வடிகட்டிய கருவேலம் பிசினோடு கல்வத்தில் அரைக்க வேண்டும். பிசினுக்குப் பதில் ஃபெவிகால் சேர்க்கிறவர்களே இன்று அதிகம். பதம் பார்க்க, தூரிகை நுனியில் எடுத்து ஒரு துளியைப் பலகையில் வைக்கவும். பரவினால் தண்ணீர் அதிகம். கூர்நுனியாக நின்றால் தண்ணீர் போதாது. பரவாமல், மேல்பக்கம் உருண்டு நின்றால் ஆரம்பிக்கலாம்.

0 அல்லது 1 எண் தூரிகை. தீட்டக் கூடாது, சொட்டி நகர்த்த வேண்டும். தூரிகையின் மயிர் பலகையைத் தொடாமல், மக்கு மட்டும் தொட வேண்டும். முதலில் வெறும் பலகைத் துண்டில் புள்ளிகள், பிறகு புள்ளி வரிசை, பிறகு கோடு, வளைவு. இதற்கு ஒரு வாரம் ஒதுக்கினாலும் தகும். அலங்காரத்துக்குப் பதிக்கும் ஜெய்ப்பூர் கற்களை மக்குக்கு முன்பே ஒட்டிவிட்டு, சுற்றிலும் மக்கால் வரம்பு கட்டுவது வழக்கம். அந்த வரம்புதான் கல்லைப் பல வருஷம் பிடித்து வைக்கும்.

வெடிப்பு ஏன் வருகிறது? ஒரே தடவையில் கனமாக வைப்பதால். மேல்தோல் முதலில் காய்ந்து இறுகிவிடுகிறது, உள்ளே இருக்கும் ஈரம் பிறகு போகும்போது சுருங்கி இழுக்கிறது. மின்விசிறிக்கு நேர் கீழேயும் வெயிலிலும் வைத்தால் இது நிச்சயம். உயரம் வேண்டுமென்றால் இரண்டு மூன்று அடுக்காக வையுங்கள், ஒவ்வொன்றும் நிழலில் காயட்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஒரு நாள் காத்திருப்பு இரண்டு நாளாகும். வெடித்த இடத்தை நீர்த்த மக்கால் அடைக்கலாம். ஆனால் மக்கு துண்டாகப் பெயர்ந்து வந்தால் அடைத்துப் பயனில்லை. கீழே உப்புத்தாள் தூசியைத் துடைக்காமல் வைத்திருப்பீர்கள், அல்லது சுண்ணப் பூச்சு கண்ணாடி போல வழுக்கியிருக்கும். சுரண்டிவிட்டு மறுபடி வைப்பதுதான் வழி.

இதெல்லாம் கைப்பழக்கம். கற்பனை எங்கே என்றால், உயரத்தில். புதியவர்கள் கிரீடம், தூண், பட்டுக்கரை, திண்டு, மாலை எல்லாவற்றுக்கும் ஒரே உயரத்தில் மக்கு வைக்கிறார்கள். ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தாள், ஏறியதும் முழுப் படமும் ஒரே மாதிரி மின்னி, கண் எங்கும் நிற்காமல் வழுக்குகிறது. 15க்கு 12 அங்குலப் படத்தில் மண்டப வளைவுக்கு 3 மி.மீ., கிரீடத்துக்கும் மார்பு அணிகளுக்கும் 2 மி.மீ., புடவைக் கரைக்கு 1 மி.மீ.க்கும் கீழே என்று படிப்படியாக வைத்துப் பாருங்கள். வளைவு முன்னால் வந்து, உருவம் அதற்குள் அமர்கிறது. ஆழத்தைக் காட்ட நிழலை அதிகம் நம்பாத இந்த ஓவியத்தில் ஆழம் பெரும்பாலும் மக்கிலிருந்துதான் வருகிறது. வேலை செய்யும்போது விளக்கை மேலே வைக்காமல் பக்கவாட்டில், தாழ்வாக வையுங்கள். மேடும் பள்ளமும் அப்போதுதான் தெரியும். இந்த உயரக் கணக்கு கடையில் வாங்கும் கோட்டுச் சித்திரத்தில் இல்லை. அது உங்களுடையது.

தங்க ரேக்கு. 22 காரட் ரேக்கைத் தனியாக ஒட்டுகிறவர்களும் உண்டு, மெல்லிய தாளில் ஒட்டி வெட்டிப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. மின்விசிறியை நிறுத்துங்கள். பகுதியை டிரேசிங் தாளில் எடுத்து, சுற்றிலும் 2 மி.மீ. கூட்டி வெட்டவும். மேட்டில் ஏறி இறங்க அந்தக் கூடுதல் வேண்டும். பிசினைச் சீராகத் தடவி, விரலில் லேசாக ஒட்டும் நிலை வரும் வரை காத்திருங்கள். ஈரம் அதிகமானால் ரேக்கு மிதக்கும், ஓரத்தில் பழுப்புக் கறை கசியும். காய்ந்துவிட்டால் பள்ளங்களில் ஒட்டாமல் கூடாக நிற்கும். துணியால் மெதுவாக ஒற்றி, மழுங்கிய மூங்கில் குச்சியால் பள்ளத்துக்குள் அழுத்தவும். மக்கின் பக்கச்சுவர் செங்குத்தாக இருந்தால் ரேக்கு அங்கே கிழியும். சரிவாக இருந்தால் கிழியாது. கிழிந்தாலும் கவலை வேண்டாம், சின்னத் துண்டு வைத்து அழுத்தினால் தங்கத்தின் மேல் தங்கம் தெரியாது.

செம்பும் துத்தநாகமும் கலந்த தங்க நிறத் தாள் பயிற்சிக்குச் சரி. சில வருடங்களில் அது கறுக்கும், கடலோர ஊரில் இன்னும் சீக்கிரம். விற்கிறபோது என்ன ரேக்கு என்று வாங்குகிறவரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விற்பதற்கு நாகரிகமான பெயர் எதுவும் இல்லை.

எவ்வளவு தங்கம்? இதுவும் ஒரு முடிவு. பின்னணி முழுக்கத் தங்கம் ஒட்டும் பழக்கம் பரிசுச் சந்தைக்காக வளர்ந்தது என்பது என் கணிப்பு. பழைய படங்களில் அரக்குச் சிவப்பும் கரும்பச்சையும் ஆழ்ந்த நீலமும் பெரிய பரப்பைப் பிடித்துக்கொண்டு தங்கத்தைத் தூக்கிக் காட்டுகின்றன. தங்கம் மின்னுவதற்குப் பக்கத்தில் மின்னாத ஒன்று வேண்டும். அதே காரணத்துக்காக, படத்தின் மேல் பளபளப்பு வார்னிஷ் அடிக்காதீர்கள். வண்ணமும் மின்னத் தொடங்கினால் தங்கம் தோற்றுவிடும்.

வண்ணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போஸ்டர் வண்ணம் மங்கலாக அழகாக இருக்கும், ஆனால் மேலே ஈரத் தூரிகை பட்டால் கரையும். அக்ரிலிக் கரையாது, ஆனால் சீக்கிரம் காய்வதால் முகத்தில் மென்மையான ஏற்ற இறக்கம் கொண்டுவருவது கடினம். உடம்புக்கு அக்ரிலிக், முகத்துக்கு மட்டும் மெல்லிய பல அடுக்கு என்று பிரித்துக்கொள்கிறவர்கள் உண்டு. கண் கடைசியில். காலை வெளிச்சத்தில், கை சோர்வதற்கு முன்.

இந்த வேலையில் மனநிலைக்காகக் காத்திருக்க முடியாது. பலகை காய்வதற்குத்தான் காத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று பலகைகள் வெவ்வேறு நிலையில் இருந்தால் நாள் வீணாகாது. கண் சரியில்லாத நாளில் உப்புத்தாள், கை நிதானமான நாளில் மக்கு, மற்ற நாட்களில் பின்னணி. ஊக்கம் வரவில்லை என்று உட்கார்ந்திருப்பவர்களைவிட இப்படி வேலையைப் பிரித்து வைத்திருப்பவர்களிடமிருந்துதான் புதிய தூண், புதிய திரைச்சீலை, சொந்தமான மலர் வரிசை எல்லாம் வருவதைப் பார்க்கிறேன். முழுப் படத்தையும் ஒரேயடியாகப் புதிதாக வரையத் தேவையில்லை. உருவத்தின் லட்சணத்தைத் தொடாமல், ஒவ்வொரு படத்திலும் மண்டபத்தில் ஒன்றை மாற்றுங்கள். மாதிரி வேண்டுமென்றால் பக்கத்துக் கோயில் தூண்கள் இருக்கின்றன.

விலை சொல்லும்போது பெரும்பாலானோர் ரேக்குக்கு ஆன செலவை மட்டும் கணக்கிட்டு, கைக்கூலியை விட்டுவிடுகிறார்கள். 15க்கு 12 என்றால் 180 சதுர அங்குலம். அதில் 40 சதவீதம் தங்கம் என்றால் 72, வெட்டுச் சேதம் ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் ஏறக்குறைய 86 சதுர அங்குல ரேக்கு. இதை அன்றைய விலையில் போடுங்கள். அதோடு பலகை, கல், சட்டம். பிறகு ஒவ்வொரு நிலைக்கும் ஆன மணி நேரத்தைக் குறித்து வைத்து, ஒரு நல்ல தச்சருக்குக் கொடுக்கும் கூலிக்குக் குறையாமல் பெருக்குங்கள். 2007-08இல் கிடைத்த புவிசார் குறியீடு கலையின் பெயரைக் காக்கும். உங்கள் மணி நேரத்துக்கு விலை போடாது.

சட்டம் போடும்போது கண்ணாடி மக்கைத் தொடக் கூடாது. உள்ளே ஒரு மரப் பட்டி வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். தொட்டால் மழைக்காலத்தில் ஈரம் கோத்து ரேக்கு கண்ணாடியோடு வந்துவிடும். குளியலறையை ஒட்டிய சுவர் வேண்டாம். பலகையின் பின்புறத்தில் உங்கள் பெயர், மாதம், வருடம், எந்த ரேக்கு, எந்தப் பசை, எந்த வண்ணம் என்று பென்சிலால் எழுதிவிட்டு மூடுங்கள். நாளைக்கு ஒரு கல் விழுந்தால், அதைச் சரிசெய்கிறவர் முதலில் அங்கேதான் பார்ப்பார்.