திரிஷா என்ற நீண்ட ஓட்டம்

1999ல் மிஸ் சென்னை பட்டம் வாங்கிய பெண், அதே வருடம் வந்த 'ஜோடி'யில் சிம்ரனின் தோழியாகச் சும்மா வந்து போனார். கண் இமைத்தால் தவறவிட்டுவிடுவோம், அவ்வளவு சின்ன வேடம். அழகிப் பட்டம் கையில் இருந்தும் கதாநாயகியாக 'மௌனம் பேசியதே' வரும்வரை, 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்புறம் 'சாமி', 'கில்லி' என்று வரிசையாக ஓடியது தெரிந்த கதைதான்.

என்னைக் கேட்டால் அவருடைய ஆகச் சிறந்த வேலை '96'. கிட்டத்தட்ட படம் முழுக்க அதே மஞ்சள் குர்தா, பெரிய ஒப்பனை ஒன்றும் கிடையாது, ராத்திரி முழுக்க ராமாக வரும் விஜய் சேதுபதியோடு சென்னையைச் சுற்றிக்கொண்டு, ராமின் வீட்டில் விளக்கு அணைந்த இருட்டில் 'யமுனை ஆற்றிலே' என்று ஜானு பாட ஆரம்பிக்கும்போது அந்த முகத்தை மட்டும் பாருங்கள். குரல் சின்மயியுடையது, 'விண்ணைத்தாண்டி வருவாயா' ஜெஸ்ஸிக்கும் அவர்தான். சொந்தக் குரல் இல்லாமல் நடித்ததெல்லாம் நடிப்பா என்று கேட்பவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

நாயகிகளுக்கு ஐந்தாறு வருடம்தான் என்று எழுதப்படாத சட்டம் வைத்திருக்கும் ஊரில், 2022ல் 'பொன்னியின் செல்வன்' குந்தவையாக வந்து நின்றார். 2024ல் 'கில்லி' மறுவெளியீட்டுக்குத் தியேட்டரில் அடித்த விசிலில் பாதியாவது தனலட்சுமிக்குத்தான்!