வீட்டுக்கு ஃபைபர் இழுக்கப் போகிறீர்களா? பவர் எவ்வளவு என்று கேளுங்கள்

பொன்னமராவதிப் பக்கம் ஒரு சின்னப் பேரூராட்சி எங்களுடையது. செம்புக் கம்பி பிராட்பேண்டை விட்டு ஃபைபருக்கு மாறியது பற்றிச் சொந்தக்காரர்கள், கூட வேலை பார்க்கிறவர்கள் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள், போனில் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். நான் நெட்வொர்க் படித்தவன் இல்லை. வீட்டில் உட்கார்ந்து கடைக்காரர்களுக்குக் கணக்குப் பார்த்து ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறவன். 3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாளான 20ஆம் தேதி சாயங்காலம் நெட் போனால் என்ன ஆகும் என்பது என் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

பழைய லைனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏடிஎஸ்எல் (டெலிபோன் செம்புக் கம்பியிலேயே நெட் வருகிற முறை) தொழில்நுட்பமே அப்படித்தான். எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீடு என்றால் 24 எம்பிபிஎஸ் வரைகூட எட்டலாம், தூரம் போகப் போக வேகம் படுத்துவிடும். எங்கள் வீடு ஊர்க்கோடியில், கம்பி சுற்றி வருகிற வழியில் பார்த்தால் நாலு கிலோமீட்டருக்கு மேல். மழை பெய்து ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கிவிட்டால் போனில் கரகர சத்தம், நெட் ஒரு எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. 2023 ஜனவரியிலிருந்து 2 எம்பிபிஎஸ் இருந்தால்தான் அது பிராட்பேண்ட் என்று மத்திய அரசு சொல்லியிருக்கிறது (அதற்கு முன்னால் 512 கேபிபிஎஸ் போதும்). அந்தக் கணக்குப்படி ஐப்பசி கார்த்திகையில் எங்கள் வீட்டில் இருந்தது பிராட்பேண்டே இல்லை.

பாரத்நெட் வருகிறதே என்று கேட்பீர்கள். ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோக மத்திய அரசு 2011இல் ஒப்புதல் கொடுத்த திட்டம், தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் என்ற மாநில அரசு நிறுவனம் செய்கிறது. ஆனால் அது கிராம ஊராட்சிகளுக்கானது, மாநிலம் முழுக்க 12,525 ஊராட்சிகள். நாங்கள் பேரூராட்சி. ஆக அந்தப் பட்டியலிலும் இல்லை, பெரிய கம்பெனிகள் தேடி வருகிற அளவுக்கு நகரமும் இல்லை. இரண்டுங்கெட்டான் ஊர்களின் நிலைமை இதுதான். கடைசியில் கைகொடுப்பவர் உள்ளூர் கேபிள்காரர்தான், டிஷ் வந்து டிவி தொழில் படுத்தபின் ஏதாவது ஒரு கம்பெனிக்கு ஃப்ரான்சைஸி எடுத்து நெட் கொடுப்பவர்.

அவர் சொன்னது ரொம்ப நேரடியான கணக்கு. மெயின் ரோட்டில் பாக்ஸ் இருக்கிறது, உங்கள் தெருவில் இல்லை, ஒரு வீட்டுக்காக அவ்வளவு தூரம் கேபிள் இழுத்தால் எனக்குக் கட்டாது, எட்டு வீடு சேர்த்துக் கொண்டு வாருங்கள். எட்டு என்பது சும்மா வாய்க்கு வந்த எண் இல்லை. தெருவில் மாட்டுகிற கப்ளர் (ஸ்ப்ளிட்டருக்கு எங்கள் பக்கம் இதுதான் பேர்) ஒரு ஃபைபரை எட்டாகப் பிரிக்கும்.

எட்டு வீடு பிடிப்பது லேசு என்று நினைத்தால் இல்லை. எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். இளவட்டங்கள் இருக்கிற வீட்டில் மொபைல் டேட்டாவே போதும் என்றார்கள். எதிர்வீட்டு ஆச்சி மட்டும், "தம்பி, சிங்கப்பூர்ல இருந்து பேரன் கேமராவுல வீட்டைப் பாக்கணும்ங்கிறான், அதுக்கு ஆகுமா?" என்று கேட்டார். ஆகும் ஆச்சி என்றேன். அதுதான் திருப்பம். அவர் சொன்னதும் வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. வேகம், பிளான், ஓடிடி என்று நான் பேசியதெல்லாம் யார் காதிலும் ஏறவில்லை. உங்கள் ஊரில் ஆள் சேர்ப்பதாக இருந்தால் கேமராவில் தொடங்குங்கள்.

மின்கம்பத்தில் கேபிள் கட்ட அனுமதி, வாடகை எல்லாம் கேபிள்காரர் பாடு. நாம் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ட்ராப் வயர் வைக்கோல் லாரி உயரத்துக்கு மேலே போகிறதா என்று பாருங்கள். அறுவடை சமயத்தில் புரியும்.

இனிமேல்தான் விஷயமே. கனெக்ஷன் கொடுக்க வந்த தம்பி மோடத்தை (ஓஎன்டி என்பார்கள்) மாட்டினான், எல்ஓஎஸ் (சிக்னல் இல்லை என்று அர்த்தம்) என்ற இடத்தில் சிவப்பு விளக்கு. கொஞ்ச நேரம் பச்சை, திரும்பவும் சிவப்பு. "லைட் வருதுண்ணே, பவர்தான் கம்மி, சரியாயிரும்" என்று பையைக் கட்டினான். எவ்வளவு பவர் வருகிறது, மீட்டரை வைத்துக் காட்டு என்றேன். உள்ளங்கையளவு மீட்டர், வயரின் முனையைச் செருகியதும் மைனஸ் 27.8 என்று காட்டியது.

இந்த எண்ணை மட்டும் புரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஃபைபரில் வருவது வெளிச்சம். அது எவ்வளவு வந்து சேர்கிறது என்பதை டிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள், எப்போதும் மைனஸில்தான் இருக்கும். மூன்று குறைந்தால் வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று அர்த்தம். ஆகவே மைனஸ் 21 வருகிற வீட்டோடு பார்த்தால் மைனஸ் 27 வருகிற வீட்டுக்குக் கால் பங்குதான். சாதாரண ஓஎன்டிகளுக்கு மைனஸ் 27தான் எல்லை, அதற்குக் கீழே போனால் பிடிக்காது, பிடித்தாலும் நிற்காது. தெருக்குழாயில் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் வருகிற மாதிரிதான். எட்டாகப் பிரிக்கிற கப்ளர் ஒன்றிலேயே பத்து டிபிக்கு மேல் (அதாவது அந்த எண்ணில் பத்துக்கு மேல்) போய்விடும், ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் கொஞ்சம் போகும், வயர் ஒடிந்தாற்போல் மடங்கினால் அங்கேயும் கசியும்.

தம்பியும் நல்ல பையன்தான், கேட்டதும் மறுக்கவில்லை. சுவரில் ஓட்டை போட்டு வயரை உள்ளே விட்ட இடத்தில் செங்குத்தாகத் திருப்பி, கிளிப் வைத்து ஆணி அடித்திருந்தான். மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டே அந்த ஆணியைப் பிடுங்கச் சொன்னேன். வயர் தளர்ந்து வளைவு பெரிதாக ஆக, திரையில் எண் ஏறியது, மைனஸ் 27, மைனஸ் 26, கடைசியில் மைனஸ் 24.5இல் நின்றது. அடுத்து கம்பத்து பாக்ஸில் கையால் அழுத்தி மாட்டிய கனெக்டரை வெட்டிவிட்டு, ஸ்ப்ளைசிங் மெஷினில் (ஃபைபர் முனைகளை உருக்கி ஒட்டுகிற மெஷின்) வைத்து ஒட்டினான். மைனஸ் 21. அதன்பிறகு சிவப்பு விளக்கு எரிந்ததென்றால் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி கேபிளையே அறுத்தபோதுதான். மற்ற ஏழு வீட்டிலும் அன்றே மீட்டர் வைத்துப் பார்த்து எண்ணைச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்தோம். இப்போது நெட் மெதுவாக இருந்தால் முதலில் அந்த எண்ணோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.

பவர் சரியாக இருந்தும் வேகம் வரவில்லை என்றால் கோளாறு வீட்டுக்குள். எங்களுடையது பழைய செட்டிநாட்டு வீடு. முகப்பில் மோடம், நான் வேலை பார்ப்பது இரண்டாம் கட்டில், நடுவில் அந்தக் காலத்துத் தடிச் சுவர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வளவை (நடு முற்றத்தை) தாண்டவில்லை. 2.4 தாண்டும், ஆனால் வேகம் கிடையாது. ரிப்பீட்டர் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். மோடத்திலிருந்து கேட் 6 நெட்வொர்க் வயர் இழுத்து உள்ளே ஒரு ரவுட்டரை அக்சஸ் பாயின்ட்டாக (அங்கிருந்தே வைஃபை கொடுக்கிற மாதிரி) வைத்ததும் தீர்ந்தது. அதிலும் ஒரு கூத்து. 200 எம்பிபிஎஸ் பிளானில் எத்தனை முறை டெஸ்ட் போட்டாலும் 94க்கு மேல் ஏறவில்லை. பரணில் கிடந்த பழைய ரவுட்டர், அதன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். கிகாபிட் போர்ட் (1000 எம்பிபிஎஸ்), டூயல் பேண்ட் (2.4, 5 இரண்டிலும் வைஃபை) இரண்டும் இருக்கிறதா என்று கம்பெனி கொடுக்கிற மோடத்திலேயே பார்த்து வாங்குங்கள், சத்தமில்லாமல் 2.4 மட்டும் உள்ளதைத் தள்ளிவிடுவார்கள்.

ஆச்சி வீட்டுக் கேமராவுக்கு வேறு சிக்கல். பழைய மாடல் டிவிஆர் (கேமராப் படத்தைப் பதிகிற பெட்டி), வெளியிலிருந்து நேராக ஐபி முகவரி போட்டுப் பார்க்கிற வகை. இங்கே கொடுத்த முகவரி 100.64 என்று ஆரம்பித்தது. அப்படி இருந்தால் பலருக்குப் பொதுவாக ஒரே முகவரியைக் கொடுத்திருக்கிறார்கள், நம் பெட்டிக்குள் வெளியாள் நேராக நுழைய முடியாது. ஸ்டேடிக் ஐபிக்கு (நமக்கென்று மாறாத தனி முகவரி) தனிக் காசு கேட்டார்கள். அதற்குப் பதில் கிளவுட் வழியாக ஓடுகிற புது டிவிஆர் போட்டுக்கொண்டார், பேரன் இப்போது வாசலில் யார் செருப்புக் கிடக்கிறது என்பது வரை கேட்கிறான்.

கரண்ட் விஷயம் வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செம்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும், கரண்ட் போனாலும் பேசலாம். ஃபைபரில் அது கிடையாது, மோடம் அணைந்தால் போனும் செத்தது. 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி மாட்டினேன், சில மணி நேரம் தாங்கும். ஆனால் கேபிள்காரர் பக்கம் பேட்டரி தீர்ந்தால் நம் யுபிஎஸ் இருந்தும் பிரயோஜனம் இல்லை, அதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

புகார் கதையும் உண்டு. கேபிள் அறுந்தபோது கம்பெனி கால் சென்டரில் பதிவு செய்தோம், இங்கே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்க, சரிசெய்யப்பட்டது என்று எஸ்எம்எஸ் வந்தது. அப்படி மூடினால் விட்டுவிடாதீர்கள். டிராயின் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2012 விதிகளின்படி ஒவ்வொரு கம்பெனியிலும் மேல்முறையீட்டு அதிகாரி இருக்க வேண்டும், கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். அதற்குப் புகார் எண் வேண்டும், அந்த எஸ்எம்எஸ்ஸை அழிக்காதீர்கள். எங்களுக்கு மேல்முறையீடு வரை போகத் தேவைப்படவில்லை, போடப் போகிறோம் என்று எழுதியதுமே ஆள் வந்துவிட்டார்.

பழைய லைனை உடனே சரண்டர் பண்ணாதீர்கள். ஒரு மழைக்காலமாவது புதியது தாங்குகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். கொடுக்கும்போது மோடத்தையும் சேர்த்து ஒப்படைத்து, விண்ணப்ப நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள், டெபாசிட் பணம் திரும்ப வர அந்தத் தாள்தான் கேட்பார்கள்.