டிங்கி வார்டில் சிறுநீர்க் கணக்கு

டிங்கி கண்ட பிள்ளையைக் கூட்டி வரும்போது, கிளினிக்கில் கொடுத்த கார்டோடு ஒரு தாளும் கொண்டு வாருங்கள். எத்தனை மணிக்கு என்ன குடித்தது, எத்தனை மணிக்கு ஒன்றுக்குப் போனது, அவ்வளவு எழுதினால் போதும். கோலாலம்பூரில் பெற்றோர் பலருக்கு பிளேட்லெட் எண் மனப்பாடம். கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

டிங்கியில் சிறுநீரகம் அடிபடுவது பெரும்பாலும் ரத்த ஓட்டம் குறைவதால்தான். 3ஆம் நாளிலிருந்து 7ஆம் நாளுக்குள் சூடு இறங்கும். அப்போதுதான் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் சேரும். இது 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். ஹீமாட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறும், கை கால் சில்லிடும், சிறுநீர் சுருங்கும். ‘காய்ச்சல் விட்டுருச்சே, வீட்டுக்குப் போகலாமா?’ என்று கேட்பதும் சரியாக அந்த நேரத்தில்தான்.

கணக்கு எளிது. 20 கிலோ பிள்ளைக்கு மணிக்கு 20 மில்லி வந்தால் நிம்மதி. மணிக்கு 10 மில்லிக்கும் கீழே, அதாவது 6 மணி நேரத்தில் 60 மில்லிகூட வரவில்லை என்றால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். பெரிய பிள்ளைக்கு அளவுக்கோடு போட்ட குவளை. குழந்தைக்கு, ஈரமான பேம்பர்ஸை எடை போட்டு, காய்ந்த பேம்பர்ஸின் எடையைக் கழிக்க வேண்டும். 1 கிராம் என்றால் 1 மில்லி. கழிப்பறைக்குப் போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு ‘நிறையத்தான் போனான்’ என்று சொன்னால் எதை எழுதுவது?

சிறுநீர் கொப்பி ஓ (பால் சேர்க்காத கறுப்புக் காப்பி) நிறத்தில் வந்தால் அளவு சரியாக இருந்தாலும் காட்டுங்கள். தசையோ சிவப்பணுவோ சிதைந்து, அதன் நிறமி சிறுநீரகத்தை அடைக்கலாம். ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் நொதி) குறைபாடுள்ள பிள்ளை என்றால் வந்தவுடனே சொல்லிவிடுங்கள்.

சிறுநீர் குறைந்தால் ‘ஒன்றுக்குப் போக மருந்து கொடுங்களேன்’ என்பார்கள். ரத்தக்குழாய்க்குள் நீரே போதாதபோது அந்த மருந்து இருப்பதையும் வடித்துவிடும். முதலில் டிரிப். ஷாக் (உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் மிகவும் குறைந்த நிலை) இல்லாத பிள்ளைக்கு கிலோவுக்கு மணிக்கு 5 முதல் 7 மில்லி சலைனில் தொடங்கி, ஹீமாட்டோகிரிட்டையும் நாடியையும் பார்த்துக் குறைப்பார்கள். பருமனான பிள்ளைக்கு, இருக்கவேண்டிய எடையை வைத்தே அளவு.

எதிர்ப்பக்கமும் ஆபத்து உண்டு. கசிவு நின்றபின் வெளியேறிய நீர் ரத்தத்துக்கே திரும்பும். சிறுநீர் தாராளமாக வரும். அப்போதும் டிரிப் ஓடினால் இமை வீங்கும், மூச்சு வாங்கும். டிரிப்பைக் கழற்றினால் கோபப்படாதீர்கள்.

கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) ரத்தத்தில் ஏறி, பொட்டாசியமும் கூடி, நீரும் தேங்கினால் டயாலிசிஸ் தேவைப்படலாம். ரத்தக்கசிவு பயம் இருப்பதால் வயிற்றில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்வதைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். ஐசியுவில் ரத்தத்தைச் சுத்திகரித்தபடி மெதுவாக ஓடும் இயந்திரமே பாதுகாப்பு.

வீட்டில் சூட்டுக்குப் பாராசிட்டமால் மட்டும்: கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 6 மணி நேர இடைவெளியில். ஐபுபுரோஃபென், மெஃபனாமிக், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகள் கூடவே கூடாது; இவை ரத்தக்கசிவைத் தூண்டும், சிறுநீரகத்துக்குப் போகும் ஓட்டத்தையும் குறைக்கும். வெறும் தண்ணீரையே ஊற்றாமல் கஞ்சி, பால், ஓஆர்எஸ் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

சிறுநீரகம் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு வீடு திரும்பிய பிறகும் கிரியேட்டினின், ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம் மூன்றையும் பார்க்க வேண்டும். பிள்ளை ஓடி விளையாடுகிறது என்று அந்தப் பரிசோதனைத் தேதியைத் தவறவிடாதீர்கள்.